ஏழாவது இன்னிங்ஸில் நான் அடித்த அடி

ஆக்ரன், ஒஹையோ
ஜூலை 18, 1978, செவ்வாய்க்கிழமை

பர்மிங்ஹாம் நகரில் வசிப்பவரும், சபையின் மூப்பரும், எங்கள் குடும்பத்திலேயே டை கட்டத் தெரிந்த ஒரே ஆளுமாகிய மரியாதைக்குரிய அண்ணன் திரு. லூத்தர் மேப்ரி அவர்களுக்கு, தங்கை அர்லீத்தா பணிந்து எழுதிக்கொள்வது. தாங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்றும், தங்களுடைய முழங்கால் வலி மட்டும் நலமில்லாமல் படுத்துவிட்டது என்றும் நம்புகிறேன். இங்கே நானும் என் புருஷன் க்ளைடும் நலம்.

நலம் என்று எழுதியது வழக்கத்துக்காக. நலமெல்லாம் ஒன்றுமில்லை அண்ணா. இதற்கு மேல் 'தாங்கள்' போட்டு எழுதவும் எனக்குத் தெம்பில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். முற்றுப்புள்ளி எங்கே வைப்பது என்பதை ஏழாம் வகுப்பில்தான் சொல்லித் தருவார்கள் போலிருக்கிறது, அதனால் நீயே மூச்சு முட்டுகிற இடத்தில் நிறுத்திப் படித்துக்கொள். விஷயம் இதுதான். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு கோர்ட்டில் நம்ம ஷார்மேனுக்குக் கல்யாணம். பெற்ற மகளின் கல்யாணத்துக்கு என்னை வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். காரணம், மாப்பிள்ளையை நான் நாலாயிரம் பேர் முன்னால் கைப்பையால் அடித்துவிட்டேன். அதைப் படம் பிடித்துப் பத்திரிகையிலும் போட்டுவிட்டார்கள். படத்தில் என் தொப்பி நன்றாக விழுந்திருக்கிறது, அது ஒன்றுதான் ஆறுதல்.

மாப்பிள்ளை பெயர் வால்ட்டர் கபுஸ்தா. தாத்தா போலந்திலிருந்து கப்பலேறி வந்தவர். இவன் உயர்நிலைப் பள்ளியில் சரித்திர வாத்தியார். ஆமாம், வெள்ளைக்காரன். நீ உடனே கண்ணாடியைக் கழற்றித் துடைக்காதே. வெள்ளையாகப் பிறந்தது அவன் குற்றமா? அரை மணி நேரம் வெயிலில் நின்றால் வெந்த இறால் மாதிரி சிவந்துபோகிறான், பாவம், அவன் கஷ்டம் அவனுக்கு. நிறத்தைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் கிடையாது. எனக்கு இருக்கிற ஒரே புகார், அவன் எதிர்த்துப் பேச மாட்டான். நான் எது சொன்னாலும் ஆமாம் என்பான். உன் தங்கை வாயைத் திறந்தால் நாலு பேரைச் சீண்டாமல் மூடமாட்டாள் என்று உனக்குத் தெரியும். இந்தப் பையனைச் சீண்டுவது தலையணையில் குத்துவது மாதிரி, கைதான் வலிக்கிறது.

முதல் தடவை சாப்பிட வந்தபோதே சோதித்துப் பார்த்தேன்.

"ஏம்ப்பா, இந்த ராக் பாட்டு யாரோடது தெரியுமா?"

"உங்களோடது மேடம்."

"என்னோடதா? நான் எப்பப்பா பாடினேன்?"

"உங்க மக்களோடது மேடம். நாங்க எடுத்துக்கிட்டோம்."

"அப்ப திருப்பிக் குடுத்துடு."

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நிஜமாகவே திருப்பிக் கொடுக்க வழியிருக்கிறதா என்று யோசித்தான் அண்ணா! கீரையில் வேண்டுமென்றே மூன்று பங்கு உப்புப் போட்டு வைத்தேன். க்ளைட் ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு ஓடினான். இவன் கண்ணில் தண்ணீர் தளும்ப, "அருமையா இருக்கு மேடம்," என்று இரண்டாவது தடவை போட்டுக்கொண்டான்.

ராக் விஷயத்தில் எனக்கு எதிர்த்துப் பேச ஒரு ஆள் ரொம்ப அவசியம். ஏனென்றால் இந்த ஊரில் என்னை யாரும் அதற்குச் சேர்த்துக்கொள்வதில்லை. ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் நாள் முழுக்க எட்டு மெஷின் நடுவில் நிற்கிறவள் நான், மெல்லிசை போட்டால் என் காதில் விழாது, கிட்டார் அலறினால்தான் மனசுக்கு இதமாக இருக்கிறது. இசைத்தட்டுக் கடைக்குப் போனால், முடி வளர்த்த வெள்ளைக்காரப் பையன் ஓடிவந்து, "அம்மா, பக்திப் பாட்டு அந்தப் பக்கம்," என்று கையைப் பிடித்து அழைத்துப் போகிறான். அவனிடமிருந்து தப்பித்து நான் கேட்டதை வாங்கிக்கொண்டு வந்தால், சர்ச்சில் நம்ம ஆட்கள், "அர்லீத்தா, அது வெள்ளைக்காரப் பசங்க சத்தமாச்சே," என்கிறார்கள். மாமா பன்றிக்கறி சுட்டு விற்ற கொட்டகையில், சனிக்கிழமை சனிக்கிழமை அவருடைய மூத்த பையன் மூன்று கம்பி அறுந்த கிட்டாரை வைத்துக்கொண்டு அலறவிட்டானே, அது எந்த வெள்ளைக்காரப் பையன் சத்தம்? கதவுக்குப் பின்னால் நின்று இடுப்பை ஆட்டியது யார்? இப்போது மூப்பர் ஆகிவிட்டாய், ஞாபகம் இருக்காது. நம் வீட்டில் பிறந்த பிள்ளையை அவர்கள் தூக்கிக்கொண்டு போய் வளர்த்தார்கள், அது கோபம்தான். அதைவிடக் கோபம், அது திரும்பி வந்து கதவைத் தட்டினால் நம்ம ஆட்களே யார் நீ என்று கேட்கிறார்கள். இதை நான் சொன்னதும் வால்ட்டர், "ரொம்ப ஆழமான கருத்து மேடம்," என்றான். ஆழமா! எனக்கு ஒரு சண்டை வேண்டியிருந்தது.

இனி பேஸ்பாலுக்கு வருகிறேன். நம்ம ஆக்ரன் அவுல்ஸ் சின்ன லீக் அணிதான், அதிலும் கடைசிக்கு முந்தின இடம். ஆனால் அதில் ஆம்ப்ரோஸ் டீல் என்று ஒரு இடதுகைப் பந்துவீச்சாளன் இருக்கிறான், இருபத்தாறு வயது, நம்ம சர்ச் பையன், எனக்கு முன் வரிசையில் உட்காருகிறவன், பின்கழுத்தில் ஒரு மச்சம்கூட எனக்கு மனப்பாடம். பெரிய லீக்குக்குப் போக வேண்டியவன். ஆனால் இந்த நாட்டு விஷயம்தான் உனக்குத் தெரியுமே. நம்ம ஆட்களை ஓடு என்பார்கள், அடி என்பார்கள், வேலிக்கு ஓரமாய் நின்று பந்தைப் பிடி என்பார்கள். பந்து வீசுகிற நடு மேட்டில் நின்று மூளையைப் போட்டு ஆட்டத்தை நடத்துகிற இடத்துக்கு வந்தால் மட்டும், "இன்னும் கொஞ்சம் பக்குவம் வரட்டும்," என்பார்கள். நாலு வருஷமாக ஆம்ப்ரோஸ் பழுத்துக்கொண்டே இருக்கிறான். போன சனிக்கிழமை மத்தியானம் பெரிய லீக்கிலிருந்து இரண்டு பேர் வைக்கோல் தொப்பியும் நோட்டுப் புத்தகமுமாய் வந்து உட்கார்ந்தார்கள், அவனைப் பார்க்கத்தான். அன்றைக்கென்று அவன் வீசினான் பாரு! எதிரணி கேன்டன்காரன்கள் மட்டையைச் சுற்றுகிறார்கள், பந்து எங்கே என்று பின்னால் திரும்பிப் பார்க்கிறார்கள். ஆறு இன்னிங்ஸ் முடிந்துவிட்டது, ஒருத்தன்கூட ஒரு அடி அடிக்கவில்லை.

அண்ணா, நீ கால்பந்து பார்க்கிறவன், உனக்கு இதை விளக்க வேண்டும். ஒன்பது இன்னிங்ஸும் இப்படியே போனால் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. ஒருத்தன் ஆயுசில் ஒரு தடவை நடந்தால் பெரிசு. நடந்து முடிகிற வரைக்கும் அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் போச்சு, அடுத்த பந்தே அடி விழும். கறுப்பர், வெள்ளையர், கத்தோலிக்கர் எல்லாருக்கும் இது பொது, இந்த நாட்டில் எல்லாரும் ஒத்துப்போகிற சங்கதி இது ஒன்றுதான் இருக்கும். சக ஆட்டக்காரர்கள் ஆம்ப்ரோஸ் உட்கார்ந்த பலகையில் இரண்டு பக்கமும் இடம் விட்டு நகர்ந்துகொண்டார்கள், அவன் முகத்தைக்கூட யாரும் பார்க்கவில்லை. நாலாயிரம் பேரும் வானிலையைப் பற்றிப் பேசினோம். க்ளைடுக்கு மட்டும் கஷ்டம் தெரியவில்லை, அவன் முப்பது வருஷமாகவே பேசுவதில்லை.

ஏழாவது இன்னிங்ஸ். இஸ்திரி போட்ட சட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த வால்ட்டர் என் பக்கம் குனிந்து, முகமெல்லாம் மரியாதையோடு, நாலு வரிசைக்குக் கேட்கிற மாதிரி சொன்னான்:

"மேடம், கவனிச்சீங்களா? இதுவரைக்கும் அவர் ஒரு ஹிட்கூடக் குடுக்கல. இது நோ-ஹிட்டர்! உங்க மக்களுக்கு எவ்வளவு பெருமையான விஷயம்!"

அடுத்த பந்து. கேன்டன் அணியின் கேட்சர், ஈஸ்டரிலிருந்து ஒரு பந்தைக்கூட உருப்படியாக அடிக்காத குண்டன், கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினான். பந்து இடது பக்கம் பறந்து புல்லில் விழுந்தது. நான் துள்ளி எழுந்தேன். கையில் பை இருந்தது. பைக்குள் காப்பி ஃபிளாஸ்க் இருந்தது. முதல் அடி என்னை அறியாமல் விழுந்தது. இரண்டாவது அடி அறிந்துதான் விழுந்தது, கர்த்தர் முன்னால் நான் பொய் சொல்லமாட்டேன். அவன் கையிலிருந்த ஹாட் டாக்கின் கடுகுச் சாந்தெல்லாம் அந்த இஸ்திரிச் சட்டையில். ஆம்ப்ரோஸ் அதோடு குலைந்துபோனான், மூன்று ரன் கொடுத்தான், அவுல்ஸ் தோற்றது. வைக்கோல் தொப்பிக்காரர்கள் எட்டாவது இன்னிங்ஸிலேயே நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் என் படம், மேலே கொட்டை எழுத்தில் "மைதானத்தில் இனப் பகையா?" என்று தலைப்பு. கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள், மரியாதைக்கு.

அதற்கப்புறம்தான் என் நாசம் தொடங்கியது. எதிர்வீட்டு மிசஸ் ஹேச்சர், நாங்கள் இந்தத் தெருவுக்கு வந்த பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூட நிமிர்ந்து பார்க்காத வெள்ளைக்காரி, பீச் பழக் கேக்கைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நிற்கிறாள்.

"நீங்க செஞ்சது ரொம்ப சரி. அவங்கவங்க அவங்கவங்க ஆளுங்களோட இருந்தாத்தான் நல்லது. உங்களுக்கும் அது புரியுதுன்னு பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம்."

"நீங்க பேஸ்பால் பார்ப்பீங்களா?" என்று கேட்டேன்.

"சேச்சே!"

"அப்ப உங்களுக்கு ஒண்ணும் புரியல. கேக்கை எடுத்துட்டு நடையைக் கட்டுங்க."

எடுத்துக்கொண்டுதான் போனாள். க்ளைட் அதற்குள் ஒரு துண்டு வெட்டித் தின்றிருந்தான், அதை என்ன செய்ய? அவள் போய் ஒரு மணி நேரம் ஆகவில்லை, க்ளைடின் தம்பி மகன் ரோலண்ட் கறுப்புத் தொப்பியும் உயர்த்திய முஷ்டியுமாக வந்தான்.

"பெரியம்மா! எங்க கறுப்பர் இயக்கமே உங்களைப் பத்தித்தான் பேசுது. வியாழக்கிழமை கூட்டத்துல நீங்க பேசணும்."

"என்னடா பேசணும்?"

"அந்த வெள்ளைக்காரனை ஏன் அடிச்சீங்கன்னு."

"நோ-ஹிட்டர்னு சொன்னான், அடிச்சேன்."

அவன் அதை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டான். "புரியுது பெரியம்மா. அது ஒரு குறியீடு."

குறியீடு! மிசஸ் ஹேச்சரும் ரோலண்டும் ஒரே கட்சியில், அதற்கு நான் தலைவி. இதைவிட ஒரு மனுஷிக்குக் கேவலம் வேண்டுமா?

நேற்று சாயங்காலம் ஷார்மேன் வந்தாள். உட்காரவில்லை, வாசலிலேயே நின்றாள்.

"அவரு வெள்ளைக்காரருன்னுதானே அடிச்ச?"

"இல்லடி. சொல்லக்கூடாத வார்த்தையைச் சொன்னான்."

"ஒரு வார்த்தைக்காக வளர்ந்த ஆளை ஊரே பார்க்க அடிப்பாங்களாம்மா?"

"மத்தவங்களா இருந்தா இன்னும் ரெண்டு போட்டிருப்பாங்க."

"வெளையாடாத. மனசுல வெறுப்பு இருந்துச்சு, இப்ப வருத்தப்படறேன்னு அவர்கிட்ட வந்து சொல்லு. அப்புறம் வெள்ளிக்கிழமை வா. இல்லைன்னா வராத."

இல்லாத வெறுப்புக்கு எப்படி மன்னிப்புக் கேட்பேன் அண்ணா? கேட்டால் பொய், கேட்காவிட்டால் மகள் இல்லை. உண்மையைச் சொன்னால் ஒருத்தரும் நம்பவில்லை. அவள் போன பிறகு அவனே வந்தான், நெற்றியில் பிளாஸ்திரியோடு, தொப்பியை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு. மன்னிப்புக் கேட்க வந்தானாம். யாரிடம்? என்னிடம்! அடி வாங்கியவன் அடித்தவளிடம்!

"மேடம், உங்க கோபத்தை நான் முழுசா ஏத்துக்கறேன். அது என் மேல விழுந்த அடி இல்ல. நானூறு வருஷ வலி அது."

"நானூறு வருஷம் இல்லடா, ஏழாவது இன்னிங்ஸ்!" என்று கத்தினேன்.

"அப்படிச் சொல்ல உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கு மேடம்," என்று சொல்லிவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து படியிறங்கிப் போனான்.

இதை நினைத்துத்தான் நேற்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. சிரிக்காதே. என்னைப் பார்க்கிறபோது அவன் மனுஷியைப் பார்க்கவில்லை அண்ணா, மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துச் சுற்றிலும் கயிறு கட்டின ஏதோ ஒன்றைப் பார்க்கிறான், தொட்டால் காவல்காரன் வந்துவிடுவான் என்பது மாதிரி. நாளைக்கு என் மகளையும் அப்படித்தானே பார்ப்பான்? அவள் காலைக் காப்பிக்குள்ளேயே மூன்று தப்புப் பண்ணுகிறவள். ஒரு தடவைகூட அவளிடம் 'நீ சொல்றது தப்பு' என்று சொல்லாதவனோடு எத்தனை வருஷம் ஓட்டுவாள்? இரண்டு நிறத்தில் ஒரு ஜோடி இந்த நாட்டில் வீடு தேடிப் போனால், சாப்பாட்டுக் கடைக்குப் போனால் என்னென்ன கேட்க வேண்டிவரும், நமக்குத் தெரியாதா? அன்றைக்கு இவன் வாயைத் திறந்து திருப்பிக் கேட்பானா, அல்லது எதிராளிக்கும் 'ஆமாம் மேடம்' போடுவானா? கல்யாணம் வேண்டாம் என்று ஒருநாளும் நான் சொல்லவில்லை. இது ஒன்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

ஆகையால், நீ அடுத்த வாரம் வியாழக்கிழமை பஸ்ஸைப் பிடித்து வந்து சேர். உன் பேச்சுக்கு ஷார்மேன் காது கொடுப்பாள். 'உன் அம்மா பைத்தியம்தான், ஆனால் அந்த மாதிரிப் பைத்தியம் இல்லை' என்று அவளிடம் எடுத்துச் சொல். நீ வராவிட்டால் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நான் சலவைக் கூடத்தில் யாரோ நோயாளியின் போர்வையை மடித்துக்கொண்டிருப்பேன், என் ஒரே மகளுக்கு அங்கே கல்யாணம் நடந்துகொண்டிருக்கும்.

அண்ணிக்கு என் முத்தம். உன் சபையில் எல்லாருக்கும் என் வணக்கம், பாட்டுக் குழுவில் சுருதி சேராமல் பாடுகிற அந்த நெட்டைக்கு மட்டும் வேண்டாம். கர்த்தர் உன் முழங்காலையும், என் குடும்பத்தையும், முடிந்தால் ஆம்ப்ரோஸின் இடது கையையும் காப்பாராக.

நொந்துபோன உன் தங்கை,
அர்லீத்தா

பி.கு.: புதன்கிழமை காலை. மேலே எழுதியது எல்லாம் ரத்து. உறையை ஒட்டப்போகிற நேரத்தில் வால்ட்டர் மறுபடி வந்தான். தொப்பி தலையிலேயே இருந்தது. கண்ணெல்லாம் சிவப்பு.

"நாலு நாளா முழுங்கிட்டு இருக்கேன். இனிமே முடியாது. சனிக்கிழமை ஏழாவது இன்னிங்ஸ்ல இடம் மாறி உக்காந்தது யாரு?"

அண்ணா, இதை நான் மேலே எழுதவில்லை. மறந்துபோய் இல்லை.

"வெயில் கண்ல அடிச்சுதுப்பா," என்றேன்.

"ஆறு இன்னிங்ஸ் அடிக்காத வெயிலா? ஒரு ஆள் அப்படி வீசிட்டு இருக்கும்போது யாராவது சீட்டை விட்டு எந்திரிப்பாங்களா? எங்க தாத்தா இப்படி ஒரு நாள்ல மூணு மணி நேரம் ஒண்ணுக்குக்கூடப் போகாம உக்காந்திருந்தாரு! நீங்க எந்திரிச்ச பதட்டத்துலதான் அந்த வார்த்தையே வாயில வந்துச்சு. நான் சொன்னது தப்புதான். ஆனா முதல் தப்பு உங்களோடது, அத்தை!"

மேடம் போய்விட்டது, கவனித்தாயா? "அதை அப்பவே ஏண்டா சொல்லல?" என்றேன்.

"எப்படிச் சொல்றது? நான் ஒரு வெள்ளைக்காரன், நீங்க..."

"நான் யாரு? இடம் மாறினவ. மேல சொல்லு!"

சொன்னான் அண்ணா, முக்கால் மணி நேரம் சொன்னான். கீரையில் உப்பு. ராக்கைப் பற்றி நான் பேசினதில் பாதி சரி, பாதி வாய்ஜாலம். என் உயிரான அந்தக் குழுவில் டிரம்ஸ் அடிக்கிறவன் தாளத்தில் நிற்கவே மாட்டான், தகர டப்பாவை மாடியிலிருந்து உருட்டுகிறான். நானும் விடவில்லை. தெருவே கேட்டது. மிசஸ் ஹேச்சர் கையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து வேடிக்கை பார்த்தாள், முகத்தில் அப்படி ஒரு திருப்தி. வால்ட்டர் அவள் பக்கம் திரும்பினான்.

"என்னங்க வேணும்? இது எங்க குடும்பச் சண்டை. உள்ள போங்க!"

போய்விட்டாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஷார்மேனுக்குப் போன் போட்டு, இடம் மாறினது நான்தான், மன்னித்துக்கொள் என்றேன். "இதுக்காம்மா அழற?" என்றாள். அவளுக்கு பேஸ்பால் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆம்ப்ரோஸிடமும் சொல்ல வேண்டும், அவன் என்னை மன்னிப்பான் என்று எனக்கு நம்பிக்கையில்லை. நீ சமாதானம் பேச வர வேண்டாம், கல்யாணத்துக்கு வா, நல்ல தொப்பியாகப் போட்டுக்கொண்டு வா. இந்தக் கடிதத்தைக் கையோடு கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிடு, ஷார்மேன் கண்ணில் படக்கூடாது. வால்ட்டர் படித்தால் பரவாயில்லை. அவன் எதிர்த்துப் பேசுவான்.